மாமாவின் லெக்சஸும் மண்ணெண்ணெய் குடித்த ஏ40உம்

எங்களில் ஒருத்தியின் மாமா முப்பத்தைந்து வருசம் லண்டனில் இருந்துவிட்டு, இனி ஊரோடயே இருப்பம் என்று வந்து சேர்ந்திருக்கிறார். வந்தவருக்கு ஒரு கார் வேணும். சும்மா கார் இல்லை, முதுகு நோகாத கார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதுக்குப் பிறகு எங்கட ஊரில் நாலு பேர் கூடினால் கார்க் கதைதான். மாமா லெக்சஸ் ஈ.எஸ் 300எச் என்ற சொகுசு ஹைபிரிட் காரில் கண் வைத்திருந்தார். விலையைக் கேட்டு மாமி அரை நாள் கதைக்கவில்லை.

ஆனால் வீட்டில் பெரிய சண்டை விலையைப் பற்றியதல்ல. 92 ஒக்டேன் அடிக்கிறதா, 95 அடிக்கிறதா என்பதுதான் சண்டை. "இவ்வளவு காசு குடுத்து வாங்கிப்போட்டு 92 அடிக்கிறதோ? லண்டனில சும்மா காருக்கே 95 தானே" என்கிறார் மாமா. "பக்கத்து வீட்டு டொக்டர் பிரியஸுக்கு 92தான் அடிக்கிறார்" என்கிறா மாமி. "நீங்கள் கம்பஸில படிக்கிற பிள்ளையள்தானே, ஒருக்காத் தேடிப் பாத்துச் சொல்லுங்கோ" என்று பொறுப்பு எங்கட தலையில் வந்து விழுந்தது.

நாங்கள் கலைப்பீடம். வரலாறு படிக்கிற மூன்று பேர், புவியியல் ஒருத்தன். எங்களில் ஒருத்தருக்கும் கார் ஓடத் தெரியாது. தேடினோம், வாசித்தோம், குழம்பினோம். கடைசியில் கொக்குவில் பக்கம் தெரிந்த ஒரு கராஜுக்குப் போனோம். அங்கே வாங்கில் ஒரு ஐயா இருந்தார். எழுபது வயது தாண்டியவர், ஒருகாலத்தில் ஹயர் ஓடினவர். எங்கட கேள்வியை மெக்கானிக் அண்ணை கேட்டு முடிக்க முதலே ஐயா சிரித்தார்.

"92ஓ 95ஓ? தம்பியவை, நான் அஞ்சு வரியம் மண்ணெண்ணெயில ஹயர் ஓடினனான்."

மாமாவுக்கு ஒரு வரியில் பதில் சொல்லப் போன நாங்கள் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பது அந்தச் சிரிப்பால்தான்.

ஐயாவின் கார் ஒஸ்ரின் ஏ40. இங்கிலாந்தில் பேர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் லோங்பிரிட்ஜ் என்ற இடத்தில் ஒஸ்ரின் கம்பனி செய்த கார். ஏ40 டெவன் 1947இல் வந்தது, ஏ40 சொமர்செற் 1952இல். 1200 சிசி எஞ்ஜின், ஏறத்தாழ 40 குதிரைவலு. பெயரில் இருக்கிற 40 அதுதான். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் என்று இதன் சொந்தக்காரரும் எங்கட ஒழுங்கைகளில் ஓடின. உலகத்தில் மற்ற இடங்களில் இவை பழைய இரும்புக்குப் போன பிறகும் இங்கே ஓடியதற்குக் காரணம் பாசம் இல்லை, இறக்குமதிக் கட்டுப்பாடு. 1977 வரைக்கும் புதுக் கார் எடுப்பது சாமானிய ஆட்களால் முடியாத காரியம். அதனால் இருந்ததையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். ஒரு ஏ40ஐ முழுக்கக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் உருவானார்கள். அந்தக் கைத்திறன்தான் பிறகு 1990இல் உதவியது.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. அதோடு வடக்கின் மீது பொருளாதாரத் தடையும் இறுகியது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் என்று ஒரு நீண்ட பட்டியல். மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டுக்கு, அளவாக வந்தது. மின்சாரமும் இல்லை. எங்கட அம்மா, அப்பாமார் ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதையை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கதையும் தெரியும். இந்தக் கதைகள் எங்கட வீடுகளில் பகிடியாகத்தான் சொல்லப்படுகின்றன. "எங்கட ஆக்களின்ர மூளையைப் பாத்தியளே" என்ற பெருமை கடைசியில் வரும். எங்களுக்கும் அந்தப் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பகிடி எதை மறைக்கிறது என்று யோசித்ததில்லை.

இதில் கவனிக்காமல் விட முடியாத ஒரு விசயம் இருக்கிறது. ஒரு மாவட்டத்துக்கே எரிபொருளை நிறுத்துவது எப்படி அவ்வளவு இலகுவாக இருந்தது? 1961இல் சட்டம் போட்டு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாக்கப்பட்டது. 1962இல் சிறிமாவோ அரசு ஷெல், எஸ்ஸோ, கல்ரெக்ஸ் கம்பனிகளின் சொத்துக்களைக் கையகப்படுத்தத் தொடங்கியது. நட்டஈடு தரவில்லை என்று 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியையே நிறுத்தியது. 1969இல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அந்த நேரத்தில் வெளிநாட்டுக் கம்பனியின் கையில் இருந்த எண்ணெயை நாட்டின் கைக்கு எடுத்தது நியாயமான வேலை என்றுதான் எங்களில் பெரும்பாலானோர் நினைக்கிறோம். ஆனால் நாடு என்று சொல்லும்போது அந்தக் குழாயின் திறப்பு ஆரின் கையில் இருந்தது என்பது 1990இல் தெரிந்தது. கொழும்பில் ஒரு கையெழுத்து. யாழ்ப்பாணத்தில் எல்லா செட்டும் பூட்டு. (2003இல் இந்தியன் ஒயில், 2023இல் சினோபெக், 2025இல் ஷெல்லின் பெயர்ப்பலகையே திரும்பவும் வந்துவிட்டது. அறுபது வருசத்தில் ஒரு வட்டம்.)

சரி, மண்ணெண்ணெயில் பெற்றோல் கார் எப்படி ஓடும்? இதை விளங்கத்தான் எங்களுக்கு ஒக்டேன் என்றால் என்ன என்று விளங்கவேண்டி வந்தது. மாமாவின் கேள்விக்கும் ஐயாவின் சிரிப்புக்கும் ஒரே பதில்தான்.

பெற்றோல் எஞ்ஜினில், காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை பிஸ்ரன் அமத்தும். அமத்தி முடியிற நேரம் பிளக் பொறி விடும், கலவை எரியும். அமத்தும்போது கலவை சூடாகும். கூட அமத்தினால் கூடச் சூடு. சில எரிபொருள், பிளக் பற்றவைத்த நெருப்பு வந்து சேரும்வரை பொறுத்திராமல் தானாகவே வெடித்துவிடும். அப்போதுதான் எஞ்ஜின் டக் டக் என்று தட்டும். அந்தத் தட்டு பிஸ்ரனைத் தின்னும். எவ்வளவு அமத்தினாலும் தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கிற குணத்தின் அளவுதான் ஒக்டேன். ஐசோஒக்டேன் என்ற பொருளுக்கு 100, ஹெப்டேன் என்ற பொருளுக்கு 0 என்று 1920களில் ஒரு அளவுகோல் வைத்தார்கள். 92 என்றால், 92 பங்கு ஐசோஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எப்படி நடக்குமோ அப்படி அந்தப் பெற்றோல் நடக்கும் என்று அர்த்தம். அவ்வளவுதான். 95இல் சக்தி கூட என்றோ, சுத்தம் கூட என்றோ அர்த்தமில்லை. எவ்வளவு கந்தகம் இருக்கிறது என்பதை யூரோ 4 போன்ற தரங்கள்தான் சொல்லும். ஒக்டேன் வேறு, அது வேறு. நாங்கள் இருபது வருசமாக ஒக்டேன் என்றால் பரீட்சைப் புள்ளி மாதிரி, கூட எடுத்தால் கெட்டிக்காரப் பெற்றோல் என்று நினைத்திருந்தோம்.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. அதைவிட, குளிரில் அது ஆவியாகாது. ஆவியாகாததைப் பிளக் பற்றவைக்காது. ஆனால் ஏ40இன் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1தான். அதாவது ஏழு பங்கு இடத்தில் இருந்த கலவையை ஒரு பங்கு இடத்துக்குள் அமத்துகிறது. இப்போதைய கார்களோடு பார்த்தால் அது மெல்லிய அமுக்கம். அந்த மென்மைதான் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டது. 1990இல் ஊரில் நின்ற புதிய ஜப்பான் கார்கள் பல கல்லில் ஏறி, ரயர் கழற்றி மூடப்பட்டுக் கிடக்க, நாற்பது வருசப் பழைய ஏ40கள் வீதிக்கு இறங்கியதற்கு இதுதான் காரணம்.

ஐயா சொன்னதை அப்படியே எழுதுகிறோம். "ஹெட்டுக்கு ஒரு காஸ்கெற் போடுற இடத்தில ரெண்டு போட்டம். அமுக்கம் இன்னும் குறையும். டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி நெருப்பைப் பிந்தி வைச்சம். எண்ணெய் வாற செப்புக் குழாயைச் சூடான எக்சோஸ்ற் குழாயில ரெண்டு சுத்துச் சுத்திப் பூட்டினம், அப்ப எண்ணெய் சூடாகித்தான் உள்ள போகும். ஸ்ராட் பண்ண மட்டும் பெற்றோல். காபரேற்றருக்குள்ள ஒரு தேத்தண்ணிக் கரண்டி அளவு. பிடிச்ச உடனே மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுறது."

மோட்டார் சைக்கிள்காரரும் இதையேதான் செய்தார்கள். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், காபரேற்றருக்குள் நாலு துளி, பிறகு மண்ணெண்ணெய். வெள்ளைப் புகையும் மணமும் ஒழுங்கையை நிறைக்கும். அந்த மணத்தை அம்மாமார் இன்றைக்கும் சொல்வார்கள்.

நூலகத்தில் தேடும்போது எங்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. இதே முறையை இங்கிலாந்தில் கம்பனியே செய்து விற்றிருக்கிறது. மண்ணெண்ணெய்க்குக் கிட்டிய 'டிராக்டர் வேப்பரைசிங் ஒயில்' என்ற மலிவான எண்ணெயில் ஓடும் உழவு இயந்திரங்கள் அங்கே இருந்தன. ஃபோர்ட்சன் அப்படி ஒன்று. 1949இல் வந்த ஃபெர்குசன் ரி.ஈ.டி 20 இன்னொன்று. சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் அந்த எண்ணெய். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்ஜின் சூடான பிறகு மாற்றிவிட வேணும். எக்சோஸ்ற் சூட்டில் எண்ணெயை ஆவியாக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. ஐயாவிடம் இதைச் சொன்னோம். "நாங்கள் ரக்டர் ஓடினவையிட்ட கேட்டுத்தான் செய்தனாங்கள், பின்ன என்ன கனவில கண்டதே?" என்றார். யாழ்ப்பாண மூளை என்று நாங்கள் கொண்டாடுவதற்குள் ஒரு தொழிலாளர் அறிவு கையிலிருந்து கைக்கு வந்திருக்கிறது. அதை எழுதிவைத்தவர்கள் குறைவு.

அந்த எண்ணெயால் எஞ்ஜினுக்கு என்ன நடந்தது என்பதும் கதையின் பாதி. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் பக்கத்தால் வழிந்து கீழே எஞ்ஜின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கும். பேரிங் தேயும். பிளக் கரி பிடிக்கும். ஐயா ஒவ்வொரு பின்னேரமும் பிளக் கழற்றி உரஞ்சியிருக்கிறார். ஒயிலும் கிடைக்காத பொருள் என்பதால், பழைய ஒயிலை மண்டி இறங்கவிட்டு மேலால் வடித்துத் திரும்ப விட்டிருக்கிறார். அஞ்சு வரியத்தில் எஞ்ஜின் மூன்று தரம் இறக்கி ஏற்றினாராம்.

இதுவரைக்கும் ஐயா சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். "ஸ்ராட் பண்ணுற பெற்றோல் முடிஞ்சால் என்ன செய்வியள்?" என்று எங்களில் ஒருத்தி சும்மா கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மெக்கானிக் அண்ணை எழும்பி உள்ளே போய்விட்டார். அவருக்கு முதலே தெரிந்திருக்கவேணும்.

1993, மாரி. ஒரு பின்னேரம் மோட்டார் சைக்கிளோடு வந்த பெடியன் ஒருத்தன் அவசரம் என்று கேட்க, ஐயா தன் போத்தலில் இருந்ததைக் கொடுத்துவிட்டார். விடிய வேறு இடத்தில் வாங்கலாம் என்ற நினைப்பு. அன்று இரவு ஒரு மணி போல பக்கத்து ஊரிலிருந்து வந்து தட்டினார்கள். பிள்ளைப்பேறு, குத்து ஒரு நாளாக நிற்குதாம். தாங்கி நிறைய மண்ணெண்ணெய். மழைக் குளிரில் எஞ்ஜின் ஐஸ்க்கட்டி. ஏ40இன் முன்பக்கம் ஹாண்டில் போட்டுக் கையால் சுத்தி ஸ்ராட் பண்ணலாம். சுத்தினார், மாறி மாறி நாலு பேர் சுத்தினார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. வைக்கோல் கொளுத்தி எஞ்ஜினுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார்கள். தள்ளிப் பார்த்தார்கள். பிறகு மாட்டு வண்டில் பிடித்து அந்தப் பிள்ளையை ஏற்றினார்கள்.

"தாய் தப்பிட்டா. குழந்தை தப்பேல்ல. இப்பவும் சந்தையில கண்டால் கதைப்பா. ஒரு நாளும் அதைக் கேக்கேல்ல."

பிறகு அவரே சொன்னார்: "ஒரு தேத்தண்ணிக் கரண்டி, பிள்ளையள்."

அன்றைக்கு நாங்கள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. எங்களில் ஒருத்தன் குறிப்புப் புத்தகத்தை மூடியே விட்டான். இதை எழுதுவதற்கு ஐயாவிடம் அடுத்த கிழமை போய் அனுமதி கேட்டோம். பெயர் போடாமல் எழுதச் சொன்னார். அந்த அம்மாவைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒன்றும் வரக்கூடாது என்றும் சொன்னார். ஊர்ப் பெயர்களை விட்டிருப்பது அதனால்தான்.

1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்விலும் அந்தக் கார் ஓடியது. வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவில், ஐந்து பேர் இருக்கிற காரில் பதினொரு பேரையும் ஒரு தையல் மெசினையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டதாம். சனத்துக்குள் கார் நகராது. எஞ்ஜினை நிப்பாட்டினால் திரும்ப ஸ்ராட் பண்ணப் பெற்றோல் வேணும். நிப்பாட்டாமல் விட்டால் மண்ணெண்ணெய் முடியும். ஒவ்வொரு நிப்பாட்டும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கை இரவு முழுக்கப் போட்டபடி ஒரு மனிதன் ஸ்டியரிங்கில் இருந்திருக்கிறான்.

2002 தொடக்கத்தில் சமாதான காலத்தோடு தடை விலகியது, ஏ9 பாதை திறந்தது. பெற்றோல் வந்தது. அதே வருசம்தான் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலும் நிறுத்தப்பட்டது. இதற்கும் ஒரு வரலாறு உண்டு, சுருக்கமாகச் சொல்லுவோம். 1921இல் ஜெனரல் மோட்டர்ஸில் வேலை செய்த தோமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைக் கொஞ்சமாகப் பெற்றோலில் கலந்தால் எஞ்ஜின் தட்டாது என்று கண்டுபிடித்தார். ஒக்டேனைக் கூட்டுவதற்கு மலிவான வழி. ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரியும். 1924இல் நியூ ஜேர்சி ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். ஆனாலும் உலகம் முழுக்க விற்றார்கள். பூமியின் வயதைக் கணித்த கிளயர் பற்றர்சன் என்ற விஞ்ஞானிதான், காற்றிலும் கடலிலும் எங்கட இரத்தத்திலும் இந்த ஈயம் ஏறியிருப்பதைக் காட்டிப் பல வருசம் போராடினார். உலகத்தில் கடைசியாக அதை நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல்.

ஏ40காரருக்கு ஈயம் போனது வேறு கவலை. பழைய எஞ்ஜின்களின் வால்வு இருக்கைகளுக்கு ஈயம் ஒரு பூச்சு மாதிரிப் பாதுகாப்பு. அது இல்லாவிட்டால் தேயும். மண்ணெண்ணெயில் தப்பிய கார் நல்ல பெற்றோலில் நோயாளியாகும் போல இருந்தது என்று ஐயா பகிடி விட்டார். 2006 ஒகஸ்டில் ஏ9 திரும்பப் பூட்டப்பட்டபோது அவர் காரை விற்றுவிட்டார். இன்னொரு தரம் அந்தப் போத்தலைச் சுமக்க மனம் வரவில்லையாம்.

இனி ஹைபிரிட். மோட்டரும் எஞ்ஜினும் சேர்ந்த கார் புதுசு இல்லை. 1900ஆம் ஆண்டளவிலேயே ஃபேர்டினண்ட் போர்ஷ் வியன்னாவில் லோனர் கம்பனிக்கு ஒன்று செய்திருந்தார். சந்தைக்கு ஆயிரக்கணக்கில் வந்தது 1997 டிசம்பரில் ஜப்பானில் ரொயோட்டா விற்ற பிரியஸ். சொகுசுக் கார் பக்கம் லெக்சஸ் 2006இல் ஜி.எஸ் 450எச், 2007இல் எல்.எஸ் 600எச் என்று இறக்கியது. மாமா கேட்கும் ஈ.எஸ் 300எச் 2012இல் வந்து, 2018இல் மாற்றியமைக்கப்பட்டது. இலங்கையில் 2010களில் வரிச் சலுகையால் பிரியஸும் அக்வாவும் வந்து குவிந்தன. ஏ40 இருந்த இடத்தில் ஹயருக்கு அக்வா வந்து நின்றது அப்போதுதான்.

இங்கேதான் நாங்கள் குழம்பிய இடம். 2018க்குப் பிந்திய ஈ.எஸ் 300எச் எஞ்ஜினின் அமுக்க விகிதம் 14க்கு 1. ஏ40ஐப் போல இரண்டு மடங்கு. அப்படியென்றால் 95 என்ன, அதுக்கு மேலயும் கேட்கவேணும் போலத் தெரியும். ஆனால் அமெரிக்காவில் அதே கம்பனி அந்தக் காருக்குச் சாதாரண 87 போதும் என்கிறது. அமெரிக்க 87 இரண்டு விதமாக அளந்த ஒக்டேனின் சராசரி. எங்கட செட்டில் எழுதியிருக்கிற கணக்குக்கு மாற்றினால் ஏறத்தாழ 91. ஆக, 92 தாராளம்.

எப்படி? 1880களில் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் யோசித்த ஒரு முறை. இப்போதைய ஹைபிரிட் எஞ்ஜின் அதைத் தன் வழியில் செய்கிறது. பிஸ்ரன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் காற்று உள்ளே வந்த வாசலைக் கொஞ்ச நேரம் திறந்தே வைக்கும். உள்ளே எடுத்ததில் ஒரு பங்கு வெளியே போய்விடும். மிச்சத்தைத்தான் அமத்தும். அதனால் காகிதத்தில் 14 என்றாலும் உண்மையான அமுக்கம் அதைவிடக் குறைவு. எரிந்த பிறகு விரிவது மட்டும் முழு 14. குறைய எண்ணெயில் கூட வேலை. இழுவை குறைகிறது, அந்தக் குறையை மின் மோட்டர் நிரப்புகிறது. ஐயா ரெண்டு காஸ்கெற் போட்டு அமுக்கத்தைக் குறைத்தார். ரொயோட்டா வாசலைப் பிந்திப் பூட்டிக் குறைக்கிறது. இதைச் சொன்னபோது மெக்கானிக் அண்ணை பெரிதாகத் தலையாட்டினார். ஐயா நம்பவில்லை.

எல்லா ஹைபிரிட்டுக்கும் இது பொருந்தாது. ஜி.எஸ் 450எச்சின் விகிதம் 11.8தான், ஆனால் அதற்கு ஒக்டேன் கூடின பெற்றோல்தான் கேட்டார்கள். ரேபோ பூட்டிய ஐரோப்பிய ஹைபிரிட்டுகள் பெரும்பாலும் 95 பக்கம்தான். ஆகவே ஹைபிரிட் என்ற சொல்லையோ விலையையோ பார்த்து முடிவெடுக்கேலாது. கையேட்டையும் பெற்றோல் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறதையும் பார்க்கவேணும். பழைய கார் எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கோ: ஹைபிரிட் பற்றறியைக் குளிர வைக்கிற காற்றாடியின் வாசல் பல கார்களில் பின் இருக்கைப் பக்கம் இருக்கும். எங்கட செம்மண் புழுதி அதை அடைத்தால் பற்றறிதான் முதலில் போகும்.

மாமாவின் 95 பிடிவாதத்துக்கும் காரணம் கண்டுபிடித்தோம். பிரித்தானியாவில் சாதாரணப் பெற்றோலே 95. அங்கே 92 விற்பதில்லை. அவர் பழக்கத்தைச் சொல்லியிருக்கிறார், எஞ்ஜின் அப்படிக் கேட்கவில்லை.

மாமா 1989இல் போனவர். அவருக்கு மண்ணெண்ணெய்க் காலம் தெரியாது, 2022உம் தெரியாது. எங்களுக்கு 2022 நன்றாகத் தெரியும். ஜூன் 26ஆம் திகதி 92 ஒரு லீற்றர் 470 ரூபாய், 95 ஒரு லீற்றர் 550 ரூபாய். அடுத்த நாளிலிருந்து அத்தியாவசிய சேவைக்கு மட்டும். பிறகு ஜூலையில் கியூ.ஆர்: காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, ஓட்டோவுக்கு 5. வரிசையில் ஹைபிரிட்டுகள் சத்தமில்லாமல் பற்றறியில் நகர்ந்ததைப் பார்த்து நாங்கள் பொறாமைப்பட்டிருக்கிறோம். தாங்கி வெறுமையாகி, பற்றறியும் இறங்கிவிட்டால் அந்தக் கார்கள் பட்ட பாடும் கண்டோம். பிரியஸ் போன்ற கார்களில் எஞ்ஜினைச் சுத்தி எழுப்புவதே அந்தப் பெரிய பற்றறிதான். அது இறங்கினால், பிறகு பெற்றோல் கொண்டுவந்து விட்டாலும் எழும்பாது. தள்ளியும் ஸ்ராட் பண்ண முடியாது.

அந்த ஒகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. பட்டணத்தில் அதைப் பெரிதாக ஒருவரும் கதைக்கவில்லை. மண்ணெண்ணெய் எஞ்ஜின் பூட்டிய சின்னப் படகில் தொழிலுக்குப் போகிற எங்கட கரையோரச் சனத்துக்கு அதுதான் அந்த வருசத்தின் செய்தி. 92ஆ 95ஆ என்று தெரிவு செய்கிற உரிமை ஒரு நாட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை என்பதை ஐயாவின் வாங்கில் இருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

மாமாவிடம் சொன்னோம்: நீங்கள் பார்க்கிற காருக்கு 92 போதும், வாங்கும்போது கையேட்டைப் பாருங்கோ, 95 அடித்தால் பழுதாகாது, காசுதான் போகும். மாமிக்கு வெற்றி. மாமா அந்த ஐயாவைப் பார்க்கவேணும் என்றார். வாங்க முதல் ஓடிப்பார்க்கக் கிடைத்த காரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் பின்னால். ஐயா முன் இருக்கையில் நேராக இருந்தார். மாமா பொத்தானை அமத்தினார், ஒரு சத்தமும் இல்லை. "இன்னும் ஸ்ராட் பண்ணேல்லயோ?" என்று ஐயா கேட்க, கார் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தது.

கோண்டாவில் சந்தி தாண்டியதும் எஞ்ஜின் மெல்ல எழும்பியது. ஐயா காது கொடுத்துக் கேட்டார். "தட்டேல்ல" என்றார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, "பற்றறி செத்தால் இதுக்கு ஹாண்டில் எங்க போடுறது?" என்று கேட்டார். ஹாண்டில் இல்லை என்று மாமா சொன்னார். ஐயா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை சாவகச்சேரியில் மொறிஸ் மைனர் ஓடின இன்னொரு ஐயாவைச் சந்திக்கப் போகிறோம். அவரிடம் அந்தக் காலத்துப் பெற்றோல் போத்தல் இன்னும் இருக்கிறதாம். படம் எடுக்க விட்டால் போடுவோம்.